நீல டிரம்மில் ஒரு குடித்தனம்

மைத்துனன் வீட்டில் இருப்பதைவிட ஒரு சாண் நீளமான மீன் தொட்டியைத் தன் வீட்டு ஹாலில் வைத்துக் காட்டாவிட்டால் தன் பெயர் அருள்ஜோசப் இல்லை என்று அருள்ஜோசப் முடிவெடுத்தார். முடிவெடுத்த இடம் அதே மைத்துனனின் பெங்களூர் வீட்டு சோபா. அவன் வீட்டுப் பிரியாணியை வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் இப்படியொரு சபதம் போட்டார். ஆனால் சாப்பாட்டுக்கும் சபதத்துக்கும் சம்பந்தமில்லை என்பது அவர் கட்சி.

நடந்தது இதுதான். மைத்துனன் வெஸ்லின் வீட்டுத் தொட்டியில் சிவப்பும் நீலமுமாய்ப் பொடி மீன்கள் ஓடிக்கொண்டிருந்தன. அருள்ஜோசப் கண்ணாடியை விரலால் தட்டி, "இதெல்லாம் புடிச்சா ஒரு கரண்டி கொழம்பு தேறுமா?" என்று ஒரு ஜோக் அடித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"தட்டாதீங்க மாமா, பயந்துக்கும்" என்றான் வெஸ்லின். "மீன்னா உங்களுக்குச் சட்டியில கெடக்கறது மட்டுந்தான் தெரியும். உயிரோட வெச்சுக் காப்பாத்தறது உங்களால ஆவாது."

இதற்குத்தான் எல்லாரும் சிரித்தார்கள். முதலில் சிரிக்க ஆரம்பித்தது அருள்ஜோசப்பின் மனைவி கிருபாராணி. கடைசியாக நிறுத்தியதும் அவள்தான்.

உங்களால ஆகாது என்ற சொல்லை அருள்ஜோசப்பிடம் சொல்லிவிட்டு யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். அவருக்குத் தெரியாமல் ஒரு நட்டு உள்ளே வந்ததும் இல்லை, ஒரு வாஷர் வெளியே போனதும் இல்லை. அவர் ஸ்டோர்ஸில் எதைத் தொட்டாலும் அதில் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் எடுத்துக்கொள், மஞ்சள் என்றால் நிறுத்தி வை, சிவப்பு என்றால் திருப்பி அனுப்பு. ஜப்பான்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தபோது அவருடைய ரேக்குகளின் முன்னால் நின்று குனிந்து வணங்கிவிட்டுப் போனார்கள் என்று அவர் சொல்வார். கீழே விழுந்த பேனாவை எடுக்கத்தான் குனிந்தார்கள் என்று கம்பெனியில் மற்றவர்கள் சொல்வார்கள்.

கிருபாராணியும் சாதாரண ஆள் இல்லை. ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் லீடர். "எங்க லைன்ல நான் யாரையும் ஒரு வார்த்தை திட்டுனது இல்லீங்க" என்பாள். "அப்புறம் எப்படி வேலை நடக்குது, பாவம்" என்று அருள்ஜோசப் இரக்கப்படுவார். அவள் சிரித்துக்கொள்வாள்.

வெஸ்லின் குடும்பத்தோடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஓசூர் வருவதாக இருந்தான். அதற்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. அன்றைக்கு ஹாலில் தொட்டி நிற்க வேண்டும். அதில் மீன் உயிரோடு ஓட வேண்டும். வெஸ்லின் வாயடைத்துப் போக வேண்டும். இந்த மூன்றும் நடக்காவிட்டால் மைத்துனன் முகத்தில் இனி எந்த ஜென்மத்திலும் விழிக்க முடியாது.

பாகலூர் ரோட்டில் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் வெங்கட்டிடம் தொட்டிக்குச் சொன்னார். மீனுக்கும், தொட்டியில் வளர்க்கும் பொடி இறாலுக்கும் சென்னையில் ஒரு கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர், "தொட்டி ரெடியா சார்? தண்ணி விட்டு மோட்டார் ஓட விட்டாச்சா?" என்று கேட்டார். கஸ்டமர் கம்பெனியிலிருந்து போன் வரும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய அதே குரலில் அருள்ஜோசப், "எல்லாம் ரெடி" என்றார்.

அன்று மாலை மனைவியை உட்கார வைத்துத் திட்டத்தை விளக்கினார்.

"தொட்டி வியாழக்கிழமை காலைல வருது. மீனு அதே வியாழக்கிழமை சாயந்திரம் வருது. வண்டிய விட்டு எறங்குன உடனே நேரா லைனுக்குப் போயிடும். எதுவும் வந்து சும்மா கெடக்கக் கூடாது. இதுக்குப் பேருதான் ஜஸ்ட் இன் டைம்."

"தொட்டி கொஞ்ச நாள் முன்னாடியே வந்து கெடந்தா என்னங்க கெட்டுடும்?"

"வெறுந்தொட்டிய வெச்சிட்டு உக்காந்திருக்கறதா? ஜப்பான்ல சிரிப்பாங்க."

"அவங்க எப்ப நம்ம ஹாலுக்கு வராங்க?"

இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி அருள்ஜோசப் தன் தரத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

வியாழக்கிழமை காலை வந்தது. தொட்டி வரவில்லை. வெங்கட்டுக்குப் போன் போட்டார்.

"நாளைக்கு சார். ஒட்டுன பசை காயல. இப்பவே தூக்குனா ஹாலு பூரா தண்ணியாயிடும்."

தொட்டியை நாளைக்குத் தள்ளலாம். சென்னையில் பஸ் ஏறிவிட்ட மீனை என்ன செய்வது? சாயங்காலம் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தெர்மாகோல் பெட்டி வந்து இறங்கியது. அருள்ஜோசப் அதை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். வழியில் ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டிரைவரைத் திட்டினார்.

கிருபாராணி கதவைத் திறந்தாள்.

"தொட்டி?"

"நாளைக்கு."

"மீனு?"

"இன்னைக்கு."

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டு வழி விட்டாள். அவள் வழி விட்ட விதம் அவருக்கு ஜப்பான் முழுவதும் சேர்ந்து சிரித்தது மாதிரி இருந்தது.

பெட்டியைப் பிரித்தார்கள். காற்றடைத்த பைகளில் விசிறி வாலோடு மீன்கள் மயங்கினாற்போல் மிதந்தன. இன்னொரு பையில் பொடிப் பொடியாய்ச் சிவப்பு இறால்கள். பைக்குள் போட்டிருந்த ஒரே ஒரு இலையை எல்லாம் சேர்ந்து கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. சென்னையிலிருந்து ஓசூர் வரை அந்த இலையை விடாமல் வந்திருக்கின்றன என்று நினைத்ததும் கிருபாராணிக்கு மனசு இளகிவிட்டது.

"அய்யோ பாவங்க. எதுல விடப் போறீங்க?"

அருள்ஜோசப் சுற்றிப் பார்த்தார். துணி துவைக்கும் பக்கெட்டை எடுத்தார்.

"அது சோப்பு பக்கெட்டு!"

அதை வைத்துவிட்டு, பரணில் இருந்த கல்யாணச் சீர் செப்பு அண்டாவை இறக்கினார்.

"எதுக்கும் பொட்டி மேல நம்பர் இருக்குது, கேட்டுட்டு ஊத்துவோம். இருங்க" என்று கிருபாராணி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். ரொம்ப நேரம் பேசினாள். அருள்ஜோசப் செப்பு அண்டாவைக் கட்டிப் பிடித்தபடி காத்திருந்தார். திரும்பி வந்தவள் சொன்னாள்.

"செம்பு பட்டா இறால் செத்துடுமாம். சோப்பு பட்டா ரெண்டும் செத்துடுமாம். பையப் பிரிக்காம கொஞ்ச நேரம் தண்ணி மேல மெதக்க விடணுமாம். இறாலுக்குப் புதுத் தண்ணிய சொட்டுச் சொட்டா விட்டுப் பழக்கணுமாம்."

"இவ்ளோ நேரம் பேசுனியே, இவ்ளோதானா?"

"இவ்ளோதான் உங்களுக்குங்க" என்றாள் கிருபாராணி.

அந்தக் கடைசி வார்த்தையை அருள்ஜோசப் கவனித்திருக்க வேண்டும். கவனிக்கவில்லை. அதற்குள் அவள் குடிதண்ணீர் பிடித்து வைக்கும் பெரிய நீல டிரம்மைப் பாதித் தண்ணீரோடு ஹாலுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். முந்தின நாள் பிடித்த தண்ணீர், பிளீச்சிங் வாசனை போய்த் தெளிந்திருந்தது. பைகளை மிதக்க விட்டார்கள். சொட்டுத் தண்ணீருக்கு அருள்ஜோசப்பே ஒரு வழி கண்டுபிடித்தார். மெடிக்கலுக்கு ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று வாங்கி வந்து, ஜன்னல் கம்பியில் தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கட்டி, கீழே இறால் இருக்கும் பாத்திரத்தில் சொட்ட விட்டார். தன் சாமர்த்தியத்தைத் தானே இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழ் வீட்டிலிருந்து வீட்டு ஓனரம்மா ஜோதியம்மாள் படியேறி வந்தார். ஜன்னலில் குளுக்கோஸ் பாட்டில் தொங்குவதைப் பார்த்ததும் அவருக்குத் தெலுங்கு தானாக வந்துவிட்டது.

"அய்யய்யோ, ஏமாயிந்தி? யாருக்கு உடம்பு சரியில்ல?"

"இறாலுக்கும்மா" என்றார் அருள்ஜோசப் கம்பீரமாக.

ஜோதியம்மாள் பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். அப்புறம் அருள்ஜோசப்பைப் பார்த்தார். அப்புறம் கிருபாராணியைப் பார்த்து, "உடம்பு யாருக்குன்னு இப்பப் புரியுது கண்ணு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எல்லாவற்றையும் டிரம்முக்குள் விட்டாயிற்று. அருள்ஜோசப் தன் கம்பெனிப் பையிலிருந்து ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து டிரம்மின் கழுத்தில் தொங்கவிட்டார். தொட்டி வரும்வரை நிறுத்தி வைக்கவும் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாள் காலை மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேலே வந்து வாயை வாயைத் திறந்தன. அருள்ஜோசப் போனைத் தேடி ஓடினார். கடைக்காரரைக் கூப்பிட்டார்.

"நேத்து எவ்ளோ சாப்பாடு போட்டீங்க சார்?"

"விருந்தாளி பாருங்க, கொஞ்சம் தாராளமாத்தான்."

"அதுவே விஷம் சார். தின்னது போக மிச்சம் அழுகும், அதுங்க கழிவும் சேரும். புதுத் தண்ணியில அதச் சுத்தம் பண்ற ஜீவன் எதுவும் கெடையாது. தினமும் கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு, ஒரு நாள் ஆறுன தண்ணி ஊத்துங்க. சாப்பாட்ட கண்ணுல காட்டுனாப் போதும்."

தண்ணீர்! போர் தண்ணீர் உப்பு. கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் சுண்ணாம்பு பூக்கும். கேன் தண்ணீரில் சத்தே இல்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது ஒகேனக்கல் தண்ணீர். அது விடியற்காலையில் கீழ் வீட்டு வாசல் குழாயில் நூல் மாதிரி வரும். மாடிக்குக் குடம் குடமாகத் தூக்க வேண்டும். கல்யாணமான நாள் முதல் அந்தக் காட்சியை அருள்ஜோசப் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் அவருக்கு நல்ல தூக்கம்.

"வழக்கம்போல நானே புடிச்சாந்துடறேங்க" என்றாள் கிருபாராணி. "உங்களால முடியாது. கலங்கல் வராம, ஆட்டாம, அலுங்காம கொண்டாரணும். கொஞ்சம் நுணுக்கமான வேலை."

"என்னால முடியாதா? இறக்குமதிச் சரக்கையே அலுங்காம எறக்குறவன்கிட்டப் பேசற பேச்சா இது? நீ கொடத்தத் தொடாத. உனக்கு அந்தக் கை வராது."

"சரிங்க" என்றாள் கிருபாராணி. வருத்தம்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று முதல் ஓசூர்க் குளிரில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அருள்ஜோசப் குழாயடியில் நின்றார். அவருடைய ஜெர்கின் அவர் மேல் இல்லை. தண்ணீர் சில்லிட்டுவிடக் கூடாது என்று அதை டிரம்முக்குப் போர்த்தியிருந்தார். மீனுக்கு வேண்டியது போக வீட்டுக்கு வேண்டிய குடமும் தானாக நிறைந்தது. எப்படியும் பிடிக்கிற தண்ணீர்தானே?

குழாயடியில் ஒருநாள் கீழ் வீட்டுக்குள்ளிருந்து கொடகொடவென்று ஒரு சத்தம் கேட்டது. கதவு பாதி சாத்தியிருந்தது.

"என்னம்மா சத்தம்?"

"எங்க வீட்டுக்காரர் கொறட்ட தம்பி" என்று ஜோதியம்மாள் கதவை முழுசாகச் சாத்திக்கொண்டார்.

ஜோதியம்மாளின் கணவர், ரிட்டயரான முத்துக்குமார் சாரின் மேல் அருள்ஜோசப்புக்கு அன்றைக்கு ஒரு ஏளனம் பிறந்தது. உலகத்தில் இப்படியும் காலையில் தூங்குகிற ஆண்கள் இருக்கிறார்களே!

அடுத்தது பாத்திரம். டிரம்முக்கான குவளையும் வடிகட்டியும் சமையலறை சிங்க்கில்தான் கழுவியாக வேண்டும். "நான் பாட்டுக்கு ஞாபகமில்லாம சோப்புத் தேச்சிடுவேனோன்னு பயமா இருக்குதுங்க" என்று கிருபாராணி ஒருநாள் சொன்னாள். அருள்ஜோசப் பதறிப்போனார். சோப்புப் பாத்திரம், சோப்பில்லாப் பாத்திரம் என்று இரண்டு பகுதி பிரித்து, பச்சை அட்டை சிவப்பு அட்டை மாட்டி, இனி இந்த இடத்தில் தன்னைத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். உத்தரவு போட்டவர் இரண்டு பகுதியையும் கழுவினார்.

அடுத்தது கீரை. இறாலுக்கு மருந்தடிக்காத கீரையில் ஓர் இலையை வெந்நீரில் வதக்கிப் போட வேண்டும். உழவர் சந்தையில் போய் அருள்ஜோசப் கீரைக்காரியைக் குறுக்கு விசாரணை செய்தார்.

"எங்க வெளைஞ்சது? மருந்து அடிச்சீங்களா? எப்ப பறிச்சது?"

"பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேட்டதில்ல சாமி. எத்தனை கட்டு வேணும்?"

"ஒரு இலை."

"கட்டா வாங்குனாத்தான் குடுப்பேன்."

ஒரு கட்டு வாங்கினார். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்து, புழு இல்லாமல், முற்றல் இல்லாமல் ஆய்ந்தார். ஓர் இலை இறாலுக்குப் போனது. மிச்சத்தை வீணாக்க ஸ்டோர்ஸ்காரர் மனசு ஒப்பவில்லை. கிருபாராணி, "நீங்க ஆய்ஞ்ச சுத்தத்துக்கு நான் கை வெச்சா கெட்டுடும்" என்றாள். பொரியலையும் அவரே செய்தார்.

"வெங்கட்டு என்னதான் பண்றான்?" என்று அவர் அவ்வப்போது கொதிப்பார். போன் போட்டால் முதல் தடவை, "நாளைக்கு சார்" என்றான். அடுத்த தடவை கன்னடத்தில், "நாளெ சார், நாளெ" என்றான். அதற்கடுத்து தெலுங்குக்கு மாறி, "எல்லுண்டி" என்றான். அப்படியென்றால் நாளை மறுநாள். எல்லையில் குடியிருந்தால் ஒரே தவணையை மூன்று பாஷையில் வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"நானே நேர்ல போயி ரெண்டு கேக்கறேன்!"

"வேணாங்க. உங்க கோவம் ஊருக்கே தெரியும். பயந்துபோயி அரைகுறையா ஒட்டிக் குடுத்துட்டான்னா? நான் பதமா பேசிக்கறேன்."

தன் கோபம் ஊருக்கே தெரிந்திருப்பதில் அருள்ஜோசப்புக்குப் பரம திருப்தி. அந்தத் திருப்தியிலேயே வீட்டைத் துடைத்தார். டிரம்மைச் சுற்றித் தண்ணீர் சிந்துமே, துடைக்காமல் எப்படி? டிரம்மைச் சுற்றி மட்டும் துடைத்தால் மிச்சத் தரை அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் துடைத்தார்.

ஒருநாள் காலை டிரம்மின் அடியில் ஓர் இறால் வெளிறிப்போய் அசையாமல் கிடந்தது. அருள்ஜோசப் அதை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. சபதம், மைத்துனன், திருவிழா எதுவும் அப்போது ஞாபகம் வரவில்லை. இலையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்த இறால்தான் ஞாபகம் வந்தது.

"நான்தான் கிருபா கொன்னுட்டேன். நேத்து தண்ணிய வேகமா ஊத்திட்டேன்."

கிருபாராணி பக்கத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். ஊசி முனையால் தொட்டாள். உள்ளே ஒன்றுமில்லை.

"சாவலீங்க. சட்டைய மாத்தியிருக்குது. வெறுந்தோலு. அங்க பாருங்க உங்காளு, புதுச் சட்டையில மினுமினுன்னு."

அருள்ஜோசப் டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்தார். ஓரத்தில் ஓர் இறால் பளபளவென்று அவர் வதக்கிய கீரையைத் தின்றுகொண்டிருந்தது. அவருக்கு வந்த சந்தோஷத்தில் அன்று சட்னியும் அவரே அரைத்தார். கிருபாராணி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். அந்தப் பார்வையில் கிண்டல் இல்லை. அவரை அவள் அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

கம்பெனியில் அருள்ஜோசப்பின் பேச்சே மாறிவிட்டது. கேன்டீனில் உட்கார்ந்து, "ஒரு உயிர வளக்கறதுன்னா சும்மா இல்ல தம்பிகளா. காலைல எழுந்துக்கணும்" என்று கல்யாணமாகாத பையன்களுக்கெல்லாம் பாடம் நடத்தினார்.

திருவிழாவுக்கு முதல் நாள் சனிக்கிழமை, வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஹாலில் தொட்டி நிற்கிறது! மணல், செடி, தண்ணீர், காற்று மோட்டார் எல்லாவற்றோடும் தயாராக. "வெங்கட் அண்ணனே வந்து எல்லாம் போட்டுக் குடுத்துட்டாருங்க" என்றாள் கிருபாராணி. அருள்ஜோசப் மஞ்சள் அட்டையைக் கழற்றிப் பச்சை அட்டையை மாட்டினார். ஒவ்வொரு உயிராகத் தொட்டிக்கு மாற்றினார். ஒன்றுகூடக் குறையவில்லை. எல்லாம் முழுசாக, கொழுகொழுவென்று, உயிரோடு.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெஸ்லின் குடும்பத்தோடு வந்தான். கீழ் வீட்டு ஜோதியம்மாளும் முத்துக்குமார் சாரும் சாப்பிட வந்திருந்தார்கள். வெஸ்லின் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனான். மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றான். அருள்ஜோசப் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

"மாமா! இறால் வயித்துல முட்ட வெச்சிருக்குது!"

"ஆமா. அதுக்கென்ன?" என்றார் அருள்ஜோசப், ஏதோ தினமும் பார்க்கிற சங்கதிபோல.

"அதுக்கென்னவா? எங்க வீட்ல எத்தனை தடவ விட்டேன், ஒண்ணுகூடத் தங்கல. தொட்டி எவ்ளோ நாளா ஓடுது?"

"நேத்துதான் வெச்சேன்."

"கத வுடாதீங்க மாமா. கண்ணாடி ஓரமெல்லாம் பாசி புடிச்சிருக்குது. இங்க பாருங்க, நத்த குட்டி போட்டுப் பேரன் பேத்தியே எடுத்திருக்குது. இது நேத்து வெச்ச தொட்டியா?"

அருள்ஜோசப் குனிந்து பார்த்தார். பாசி இருந்தது. நத்தைக் குடும்பமும் இருந்தது. அவர் நிமிர்வதற்குள் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருந்த ஜோதியம்மாள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

"நேத்து எங்க வெச்சாரு? ஒரு மாசமா எங்க ஹால்லதான ஓடிட்டு இருந்துச்சு!"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். எல்லாரும் கிருபாராணியைப் பார்த்தார்கள். அவள் அவசரமே இல்லாமல் தயிர்ப் பச்சடியைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க. மீனு வந்த மறுநாளே வெங்கட் அண்ணன் கொண்டாந்துட்டாரு. நான்தான் கீழ எறக்கி, தண்ணி விட்டு ஓட விடச் சொன்னேன்."

"எதுக்கு?"

"சுத்தம் பண்ற ஜீவன் வளந்து தண்ணி பழகறதுக்கு ஒரு மாசம் ஆவும்னு கடைக்காரர் அன்னைக்குப் போன்லயே என்கிட்டச் சொல்லிட்டாருங்க. தொட்டி நம்ம ஹாலுக்கு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க."

அருள்ஜோசப் நெஞ்சைத் தொட்டார். பொய் சொல்ல முடியவில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் அத்தனையையும் அதில் கவிழ்த்திருப்பார்.

"அதாங்க. அதுங்க செத்திருந்தா நீங்க தாங்க மாட்டீங்க."

"அப்ப வெங்கட்டு நாளைக்கு நாளைக்குன்னு சொன்னது?"

"நான் சொல்லச் சொன்னதுங்க. தெலுங்குல சொன்னது மட்டும் அவரோட சொந்தச் சரக்கு."

"கீழ கேட்ட கொறட்ட?"

"காத்து மோட்டாரு தம்பி" என்றார் ஜோதியம்மாள்.

"நான் கொறட்டையே விடறதில்ல" என்றார் முத்துக்குமார் சார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

அருள்ஜோசப்புக்கு முகம் கருத்துவிட்டது. ஊரறிந்த அந்தக் கோபத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் நின்றார். அப்போது வெஸ்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, தொட்டிய அக்கா பழக்கியிருக்கலாம். ஆனா ஒரு மாசம் வெறும் டிரம்முல வெச்சு ஒண்ணு சாவாம காப்பாத்துனது நீங்க. முட்ட வெச்சது உங்க கையில. என்னால ஆவாது மாமா. எப்படிப் பண்ணீங்கன்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

கருத்த முகம் தெளிந்தது. தெளிந்தது மட்டுமில்லை, பூரித்துச் சிவந்தது. அருள்ஜோசப் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சொல்றேன், கேட்டுக்க. மொதல்ல தண்ணி. விடியறதுக்கு முன்னாடி எழுந்துடணும். கொடத்த அலுங்காம தூக்கணும். அப்புறம் பாத்திரம். பாத்திரத்த இன்னொருத்தர் கையில விடவே கூடாது. கீரைய ஆயறதுல ஒரு மொறை இருக்குது, மேல எலையக் கிள்ளக் கூடாது, காம்போட..."

பேசிக்கொண்டே இருந்தார். பேச்சு நின்றாலும் கை நிற்கவில்லை. சாப்பிட்டவர்களின் தட்டுகளை அவரே எடுத்தார், சமையலறைக்குக் கொண்டு போனார், பேச்சு அறுந்துவிடாமல் இருக்க அங்கிருந்தே சத்தமாகச் சொல்லிக்கொண்டு கழுவி வைத்தார், ஈரக்கையோடு திரும்பி வந்து யாரோ சிந்திய தண்ணீரைக் குனிந்து துடைத்தார். இதில் எதையும் தான் செய்வதாக அவருக்குத் தெரியவே இல்லை. கிருபாராணி சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்து, கணவர் பேச்சை ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலும் பெருமை வழிந்தது.

ஜோதியம்மாள் மட்டும் தொட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. அருள்ஜோசப் போகிற இடமெல்லாம் அவர் கண் போனது. கடைசியில் எழுந்து அருகில் வந்தார்.

"தம்பி, அந்த மெட்ராஸ் கடை நம்பர எனக்கும் குடுங்க. எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பொட்டி வரவழைக்கலாம்னு இருக்கேன்."

தன் புகழ் கீழ் வீடு வரை பரவிவிட்டதில் அருள்ஜோசப்புக்குத் தலைகால் புரியவில்லை.

"தாராளமாம்மா! வெங்கட்டுகிட்ட நானே பேசிடறேன். தொட்டி எத்தன அடிக்குச் சொல்லட்டும்?"

ஜோதியம்மாள் சோபாவின் மறு ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டு பேப்பர் படிக்கும் தன் கணவரை ஒருமுறை பார்த்தார்.

"தொட்டி வேணாம் தம்பி, மீனு மட்டும் போதும்."